வக்கீல் நோட்டீஸும் வாசிக்க முடியாத ஓலையும்

பருவத்தேர்வு முடிந்து விடைத்தாள்கள் மேசைமேல் குவிந்து கிடந்த ஒரு பிற்பகலில் என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் கல்லூரிக்கு வந்தார். முத்தியால்பேட்டையில் குடியிருப்பவர். கணவர் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து மறைந்துவிட்டார். வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பெண்ணை வளர்த்தவர். பெண் எங்களிடம் இளங்கலை முடித்து, வங்கிக் கடன் வாங்கி வெளியூரில் எம்.பி.ஏ. படித்தாள். இப்போது சென்னையில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். தாயார் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினார். உள்ளே மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். வழக்கறிஞர் ஒருவரின் முத்திரை.

"சார், போலீசு வருமா?" என்றார். அடுத்த கேள்வி, "மிஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கொடுத்த கெடு பதினைந்து நாள். அந்த ஒன்பது நாளும் அவர் யாரிடமும் காட்டவில்லை. மகளிடம் சொன்னால் வேலை செய்கிற இடத்தில் மனம் உடைந்து போவாள் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் படிக்கத் தெரிந்த பையன் உண்டு. காட்டினால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று காட்டவில்லை. மூன்று பக்கத்தில் அவருக்குப் புரிந்தவை மூன்றுதாம். ஒன்று அவர் பெயர், மற்றொன்று தொகை, மூன்றாவது 'கிரிமினல்' என்ற சொல். தொலைக்காட்சித் தொடர்களின் புண்ணியத்தில் அந்தச் சொல் எல்லாத் தாய்மார்களுக்கும் புரிகிறது.

நான் அதை வரிவரியாகத் தமிழில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடனைத் திருப்பச் சொல்லியிருந்தது. தவறினால் வழக்குத் தொடரப்படும் என்றிருந்தது. அவ்வளவுதான். மறுநாள் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். பதில் எழுத ஒப்புக்கொண்டார். தமிழில் எழுதுங்கள், கையொப்பமிடும் அம்மாவுக்குத் தாம் என்ன எழுதியிருக்கிறோம் என்று தெரியவேண்டாமா என்றேன். அவர் சிரித்தார். ஏளனமாகச் சிரிக்கவில்லை. விவரம் தெரியாதவனைப் பார்த்து விவரம் தெரிந்தவர் சிரிப்பாரே, அப்படி. "தமிழில் எழுதினால் மதிப்பிருக்காது சார்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

*

அதற்கு முன் என் பக்கத்து நண்பர்களோடு ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இச்சம்பவத்தை ஓர் இலக்கியச் சந்திப்பில் சொன்னபோது, கவிஞரான நண்பர் ஒருவர் கொதித்தெழுந்தார். வக்கீல் நோட்டீஸ் என்பதே அதிகாரத்தின் வன்முறை, எளியவன் கதவில் ஆணியடிக்கும் காகிதம், அதை ஒழிக்க வேண்டும் என்றார். கைதட்டலும் கிடைத்தது. நான் கைதட்டவில்லை. இப்படிப் பேசுவது எளிது. நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் இது வரலாறு அறியாத பேச்சு.

நோட்டீஸ் இல்லாத காலத்தில் கடன் எப்படி வசூலிக்கப்பட்டது? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். பலமுறை கேட்டும் நாளை நாளை என்று சாக்குச் சொல்லும் கடனாளியைக் கடன் கொடுத்தவன் வழியில் கண்டால், அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடலாம். பணத்தைக் கொடுக்காமலோ ஈடு காட்டாமலோ கடனாளி அவ்வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகன் இப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதையும், அரசன் குதிரையை விட்டு நகராமல் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனதையும் தாம் கண்டதாகவே எழுதுகிறார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அரசனுக்குக் கருவூலம் இருந்தது. வட்டத்துக்குள் நின்ற நெசவாளிக்கு என்ன இருந்திருக்கும்? மறித்தல் என்ற வினையின் வழிவந்த மறியல் என்ற சொல் இலங்கைத் தமிழில் இன்றும் சிறையைக் குறிக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வட இந்தியாவில் வேறொரு முறை இருந்தது. கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் பட்டினி கிடப்பான். அவன் செத்தால் பாவம் கடனாளியைச் சேரும். தர்ணா என்ற சொல்லை நாம் அரசியல் கூட்டங்களிலிருந்து அறிந்திருக்கிறோம். அதன் பிறப்பிடம் கடன்காரன் வாசல். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒருவனை நம்பவைத்துப் பணியவைப்பதைக் குற்றமாக்கியபோது, அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியதே வாசலில் தர்ணா இருப்பதைத்தான்.

இவற்றோடு ஒப்பிட்டால் வழக்குக்கு முந்தைய அறிவிப்பு என்பது பெரும் நாகரிகம். உடலைத் தொடாதே, வாசலில் நின்று கத்தாதே, உன் கோரிக்கையை எழுது, நாள் கொடு, பதிலுக்குக் காத்திரு, பிறகு மன்றத்துக்குப் போ என்று அது கடன் கொடுத்தவனுக்குக் கட்டளையிடுகிறது. கந்துவட்டிக்காரன் யாருக்காவது நோட்டீஸ் அனுப்பியதுண்டா? 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தது. அறிவிப்பு, கெடு, மன்றம் என்ற வரிசையில் எதையும் மதிக்காத வசூலின் எல்லை அது. ஆகவே நோட்டீஸை ஒழிக்க வேண்டும் என்னும் நண்பர், தம்மை அறியாமலே, வட்டம் வரைகிறவன் பக்கம் போய் நிற்கிறார்.

கடன் கொடுத்தவரெல்லாம் அரக்கரும் அல்லர். ஓய்வூதியப் பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற முடியாத பள்ளி ஆசிரியரை எனக்குத் தெரியும். கூலி வராத கொத்தனாரையும் தெரியும். அவர்களுக்கும் சட்டம் தரும் முதற்படி இந்த ஒரு கடிதம்தான்.

என் சண்டை நோட்டீஸோடு அன்று. அது யாருக்கு எழுதப்படுகிறதோ அவருக்குப் புரியாமல் எழுதப்படுகிறதே, அதோடு.

*

தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற கடன் வழக்கு நம் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. திருவெண்ணெய்நல்லூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை நாமெல்லோரும் வகுப்பில் பக்திச் சுவைக்காக நடத்துகிறோம். அதையே ஒரு வழக்காக வாசித்துப் பாருங்கள். புத்தூரில் திருமணப் பந்தல். கிழவர் ஒருவர் ஓலையோடு வருகிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என்கிறார். நம்பியாரூரர் அவரைப் பித்தன் என்று வைகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழித்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று அங்கே எடுத்து நீட்டுகிறார். அவையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்று கேட்கிறார்கள். ஓலை அவையில் வாசிக்கப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்படுகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம்.

இறைவனே வாதியாக வந்த வழக்கு இது. அவனே முதலில் கோரிக்கையை நேரில் தெரிவிக்கிறான். படியைக் கொண்டுவந்து மூலத்தைப் பாதுகாக்கிறான். மன்றத்தில் ஓலை எல்லோர் காதிலும் விழ வாசிக்கப்படுகிறது. சுந்தரர் வழக்கில் தோற்றார். ஆனால் எதற்காகத் தோற்றோம் என்பது அவருக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். அதனால்தான் வைத வசையே அவருடைய முதற் பதிகத்தின் முதற் சொல்லாக முடிந்தது. புரியாத மொழியில் அந்த ஓலை இருந்திருந்தால் தேவாரம் கிடைத்திருக்காது. பந்தலில் ஓர் அச்சம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

முத்தியால்பேட்டை அம்மாவிடம் வந்தது அத்தகைய ஓலை.

*

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய அனுபவமும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரில் இந்தியர்களின் கொடுக்கல் வாங்கல் வழக்குகளை விசாரிக்கச் சாவடி நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. நம் 'சாவடி' என்ற சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் 'ஷோத்ரி' ஆக்கிக்கொண்டார்கள். 1819-இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. 1804-இல் உருவான அந்த உரிமையியல் தொகுப்பில் நம் விஷயத்துக்கு நெருக்கமான இரண்டு விதிகள் இருந்தன. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, முறைப்படியான கோரிக்கை கடனாளியிடம் சேர்க்கப்பட்ட பிறகுதான் அவன் தவணை தவறியவனாகக் கருதப்படுவான் என்பது ஒன்று. கடனாளியின் நிலைமையைப் பார்த்து, மிகுந்த நிதானத்தோடு, நீதிபதி மிதமான அவகாசம் வழங்கலாம் என்பது மற்றொன்று. ஆளவந்தவனின் சட்டம் என்பதற்காக அதில் இருந்த இந்த இரக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. மொழி மட்டும் அவனுடையதாக இருந்தது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி முழுமையானது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்கள் இங்கே விரிவாக்கப்பட்டன. இடையில் 1965-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழி என்றது. கூடவே ஆங்கிலமும் தொடரலாம் என்றது. எந்த 'கூடவே' முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது என்று நமக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் சுற்றுலா வருகிறவர் படமெடுத்துக்கொள்ளும்படி பிரெஞ்சும் தமிழுமாக அழகான பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. வழி தெரியாதவருக்கு இரண்டு மொழி. வாழ வழி தெரியாமல் நிற்பவருக்கு ஒரே மொழி, அதுவும் அவருடையது அன்று.

*

இனி அக்கடிதத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். நம் தொழில் அதுதானே.

முதலில் அது பேசுவது. 'என் கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்படி' என்று தொடங்குகிறது. 'உரிமையியல் மற்றும் குற்றவியல் நடவடிக்கைகள்', 'அனைத்துச் செலவுகளுக்கும் விளைவுகளுக்கும் நீங்களே பொறுப்பு' என்ற பொருள்பட முடிகிறது. யாருக்கும் பொருந்தும் அச்சில் வார்த்த வாக்கியங்கள், நடுவே பெயருக்கும் தொகைக்கும் மட்டும் இடைவெளி. தொகை ஒரே எண்ணாக நின்றது. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதிவரை, கட்டிய தவணைகள் எங்கே போயின என்ற கணக்கு இல்லை.

அடுத்து அது பேசாதது. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

கடனைத் திருப்ப முடியாமை குற்றம் அன்று என்பதை அது சொல்லவில்லை. வாங்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் மோசடி. காசோலை திரும்பிய வழக்கு தனி. அங்கே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, 1989 ஏப்ரல் முதல், சிறைத் தண்டனைக்கும் இடம் தருகிறது. ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. வங்கியிலிருந்து தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு, அது கிடைத்தபின் பணம் கட்டப் பதினைந்து நாள், அதற்கும் பின்னரே புகார். இந்த அம்மா காசோலை எதையும் கொடுத்தவர் அல்லர். பிறகு 'குற்றவியல்' என்ற சொல்லுக்கு அக்கடிதத்தில் என்ன வேலை? அச்சுறுத்துகிற வேலைதான்.

பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. கடிதம் அதைச் சொல்லவில்லை. ஆண்களானாலும் வறுமையை மட்டும் காரணம் காட்டிச் சிறைக்கு அனுப்ப முடியாது, வசதியிருந்தும் தீய நோக்கோடு கட்ட மறுத்திருக்க வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அதையும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது: உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும்கூடக் கடன் தீர்ப்புக்கு எட்டாதவை. தையல் இயந்திரம் கைவினைஞரின் கருவி என்று வாதாட எந்த இளம் வழக்கறிஞருக்கும் தெரியும். அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்களுக்கு ஓர் ஏழை வீட்டின் உட்புறம் தெரிந்திருக்கிறது. கடிதம் எழுதியவருக்கும் பட்டியல் தெரியும். வாங்கியவருக்குத்தான் தெரியாது. ஒன்பது இரவு அவர் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார்.

சட்டம் யாருக்கு எவ்வளவு நாள் தருகிறது என்று பாருங்கள். அரசின்மேல் நீங்கள் வழக்குத் தொடர வேண்டுமானால் 80-ஆம் பிரிவின்படி பொதுவாக இரண்டு மாத அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அரசுக்குச் சட்டம் படித்த அதிகாரிகள் உண்டு. சொத்தை ஈடு வைத்தவருக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் அறுபது நாள் தருகிறது. அவர் ஆட்சேபம் எழுப்பினால் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் 2004 முதல் அதில் சேர்ந்தது. ஈடு எதுவுமில்லாமல் கைச்சாத்தின் பேரில் கடன்பட்ட சாதாரணருக்கு, வழக்குக்கு முன் அறிவிப்பு தந்தே ஆக வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. வழக்கத்தின் பேரில்தான் தருகிறார்கள். தருவதைப் புரியும்படி தந்தால் என்ன குறைந்துவிடும்?

*

என் தரப்புக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நான் அறிவேன்.

ஒன்று, தமிழில் சட்டச் சொற்கள் இல்லை என்பது. இதைச் சொல்பவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒருமுறை போய்வரலாம். ஊர்ச் சபைகளுக்குக் காசு கடனாகக் கொடுக்கப்பட்டதும், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி வந்ததும் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் தமிழில்தான் இருக்கின்றன. வட்டிக்குப் பொலிசை என்று பெயர். முதல், தவணை, ஈடு, ஒற்றி, அடமானம், பிணை, கைச்சாத்து என்று கடனுக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மொழி உலகில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. இவ்வூரிலேயே துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பில் கப்பல், சரக்கு, கடன், வழக்கு அத்தனையையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அதைக் கொண்டு பிரபஞ்சன் நாவலே எழுதினார். பிள்ளைக்குப் போதுமாக இருந்த தமிழ் ஒரு கல்விக் கடன் நோட்டீஸுக்குப் போதாதா?

இரண்டு, நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது. வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் நோட்டீஸ் நீதிமன்றத்துக்கு எழுதப்படும் தாள் அன்று. அதன் பெறுநர் கடனாளி. பெறுநருக்குப் புரியாத கடிதம் எழுதுகிறவருக்கு நாங்கள் பள்ளியில் மதிப்பெண் போடுவதில்லை. இரு மொழியிலும் எழுதிக் கொடுத்தால் மன்றத்துக்கும் ஆயிற்று, மனிதருக்கும் ஆயிற்று.

மூன்று, படித்த பெண் இருக்கிறாளே, கடன் பத்திரத்தில் ஆங்கிலத்தில்தானே கையெழுத்திட்டார்கள் என்பது. இங்கேதான் முரண் வெளிச்சமாகிறது. வங்கி சாராத நிதி நிறுவனங்கள் கடன்தாரருக்கு அனுப்பும் தகவல்கள் எல்லாம் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாயமான நடைமுறை நெறிகளே சொல்கின்றன. 2024 ஏப்ரலில் வெளியான சுற்றறிக்கை, வங்கிகள் தரும் சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்களைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் எழுதித் தந்து விளக்க வேண்டும் என்றது. கடன் கொடுக்கும்போது தாய்மொழி, திருப்பிக் கேட்கும்போது ஆங்கிலம் என்றால் அதற்கு என்ன பெயர்? வசூல் முகவர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்று 2022-இல் விதி வந்தது. தொலைபேசி மணியின் அச்சம் விதி செய்பவருக்குப் புரிந்திருக்கிறது. புரியாத காகிதம் இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டுக்குள் இருக்கிறதே, அது?

நான்கு, புரியும்படி எழுதினால் கடனாளிகள் தப்பிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்பது. இதுதான் வெளியே சொல்லப்படாத உண்மையான காரணம் என்பது என் துணிபு. ஆனால் கணக்கும் எதிர்மாறானது. புரியாதவர்தான் பயந்து ஒளிகிறார். தபால்காரரிடம் உறையை வாங்க மறுக்கிறார். சரியான முகவரிக்கு அனுப்பிய காசோலை அறிவிப்பு சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது அவருக்குத் தெரியாது. 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வாட்ஸப்பில் அனுப்பிய அறிவிப்புக்கு விழுந்த நீலக் குறிகளையே சேர்ந்ததற்கு அடையாளமாக ஏற்றது. பதிவுத் தபாலே 2025-இல் விரைவுத் தபாலோடு கலந்துவிட்டது. வாங்க மறுத்துத் தப்பும் காலம் எப்போதோ போய்விட்டது. பதில் எழுதாமல் விட்டாலும், சொல்ல எதுவும் இல்லாததால்தான் எழுதவில்லை என்று மன்றம் கருத வாய்ப்புண்டு. அவசரப்பட்டு 'முழுத் தொகையும் ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாலோ, காலவரம்பு முடிவதற்குள் கையொப்பமிட்ட ஒப்புதல் அன்றிலிருந்து புதிய வரம்பைத் தொடங்கிவைக்கும். புரிந்தவர் இவற்றில் எந்தக் குழியிலும் விழமாட்டார். கணக்குக் கேட்பார், தவணை கேட்பார், கட்டுவார். கொடுத்தவருக்கும் அதுதானே வேண்டும்?

*

வழக்கறிஞர்களையும் வங்கிகளையும் சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. தமிழ்த் துறைகள் என்ன செய்தன?

இருபது ஆண்டுகளாக நான் கடிதம் எழுதுதல் என்ற பகுதியை நடத்தி வருகிறேன். விடுப்பு விண்ணப்பம், நண்பனுக்கு வாழ்த்து, பத்திரிகை ஆசிரியருக்கு மடல். ஒரு கடன் அறிவிப்பைத் தமிழில் எழுதவும் அதற்குப் பதில் எழுதவும் ஒரு மாணவருக்கும் நான் கற்றுக்கொடுத்ததில்லை. இலங்கை வேந்தனின் கலக்கத்தைக் கடன்பட்டவரின் நெஞ்சோடு ஒப்பிடும் புகழ்பெற்ற வரியை மேடைதோறும் கம்பன் தலையில் கட்டுகிறோம். கம்பனில் அது இல்லை என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிற புலவர்களும் இருக்கிறோம். கடன்பட்ட நெஞ்சு நம் வகுப்பறை வாசலில் வந்து நிற்கும்போது, அதற்கு வாசித்துக் காட்ட ஓர் ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. செம்மொழி என்ற பட்டத்தை 2004-இல் வாங்கி மாட்டிக்கொண்டோம். தையற்காரம்மாவுக்கு வந்த மூன்று பக்கத்துக்கு அப்பட்டம் எட்டவில்லை.

என் கோரிக்கைகள் சிறியவை. தனிமனிதருக்கு அனுப்பும் கடன் அறிவிப்பு அவருக்குத் தெரிந்த மொழியிலும் இருக்கட்டும். அசல், வட்டி, கட்டியது, மிச்சம் என்ற கணக்கு அதோடு இணைக்கப்படட்டும். பொருந்தாத இடத்தில் 'குற்றவியல்' என்ற சொல் வரவேண்டாம். பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறதே, அந்த ஒரு வரியும் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம் என்ற மற்றொரு வரியும் அடியில் அச்சாகட்டும். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. மனம் இருந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம். தமிழ்த் துறைகள் தம் பங்குக்கு மாதிரிகளை எழுதிக் கொடுக்கலாம். நான் எழுதத் தொடங்கிவிட்டேன். சட்டம் படித்த நண்பர்கள் திருத்தித் தர வேண்டும்.

*

அந்த அம்மாவின் பதில் கடைசியில் தமிழில்தான் போனது. வழக்கறிஞர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்ததும் அவரே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "புரியுது சார்" என்றார், தமக்கே செய்தி போல. கடனை மறுக்கவில்லை. கணக்குக் கேட்டோம். மகளின் சம்பளத்துக்குத் தக்க தவணை கேட்டோம். அம்மா ஒவ்வொரு வரியையும் வாசித்து, ஓரிடத்தில் 'தாழ்மையுடன்' என்ற சொல்லை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இம்முறை கணக்கு இருந்தது. இரண்டு தவணைகள் வரவு வைக்கப்படாமல் விடுபட்டிருந்ததை அவர்களே கண்டு கழித்திருந்தார்கள். தவணைக்கும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தமிழில் எழுதினால் மதிப்பிருக்காது என்ற வாக்கியம் என்னளவில் அன்றோடு செத்தது.

பதில் ஆங்கிலத்தில்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குத் தாளின் கடைசியில் ஒரு சிறு பற்று எழுதப்பட்டிருந்தது. அது என்ன சார் என்று அம்மா கேட்டார். நோட்டீஸ் அனுப்பிய செலவு என்றேன். அவரால் வாசிக்க முடியாத அந்த மூன்று பக்கத்துக்கான கூலியும் அவர் கடனில்தான் ஏறியிருந்தது.